ஷெர்லக் ஹோம்ஸின் உயரம் என்ன? கதைக்குள் இருக்கும் சான்றுகளைக் கொண்டு ஒரு முகத்தைக் கண்டறிதல்

ஆர்தர் கோனன் டாயில் எழுதிய கதைகளில் ஒன்றைக்கூடப் படிக்காதவரிடம் ஷெர்லக் ஹோம்ஸை வரையச் சொன்னாலும் அவர் தயங்காமல் வரைந்துவிடுவார். முன்னும் பின்னும் விளிம்பு வைத்து, காதை மூடும் மடல்களை உச்சியில் சேர்த்துக் கட்டிய ஒரு தொப்பி, வளைந்த ஒரு பைப், கையில் ஒரு பூதக்கண்ணாடி ஆகிய மூன்றும் இருந்தால் ஆள் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த மூன்றில் பூதக்கண்ணாடி கதைகளிலேயே இருக்கிறது. தொப்பி பாதி இருக்கிறது. பைப் இருக்கிறது, ஆனால் அதன் வளைவு இல்லை. அப்படியானால் அந்தத் தொப்பிக்குக் கீழே நாம் வரையும் முகமாவது கதையிலிருந்து வந்ததா என்று கேட்டுப் பார்ப்பது நியாயமான கேள்விதான்.

ஒரு கதைமாந்தரின் தோற்றத்தை எழுத்தில் உள்ள குறிப்புகளைக் கொண்டு மட்டுமே கண்டறிவது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். தமிழிலக்கிய ஆய்வில் பழகியவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல. ஒரு புலவரின் காலத்தையோ ஊரையோ கணிக்கும்போது பாடலுக்குள்ளேயே கிடைப்பதை அகச்சான்று என்றும், கல்வெட்டு, உரையாசிரியர் கூற்று முதலியவற்றைப் புறச்சான்று என்றும் பிரித்து வைத்துக்கொள்வோம். துப்பறியும் கதையின் நாயகருக்கும் அதே பிரிவு பொருந்தும். கதைக்குள் எழுதப்பட்டிருப்பது அகச்சான்று. ஓவியர் வரைந்தது, நடிகர் நடித்தது, ஆசிரியர் பின்னாளில் தன்வரலாற்றில் சொன்னது எல்லாம் புறச்சான்று. புறச்சான்று பயனற்றது என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கினால் பிறகு எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. ஹோம்ஸ் விஷயத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்திருப்பது அதுதான்.

முதலில் அகச்சான்றின் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். 1887 முதல் 1927 வரை வெளியான நான்கு நாவல்களும் ஐம்பத்தாறு சிறுகதைகளுமே நம் கையில் உள்ள ஆவணங்கள். இந்த அறுபதில் ஐம்பத்தாறை ஹோம்ஸின் நண்பர் டாக்டர் வாட்சன் தன் வாயால் சொல்கிறார். இரண்டை ஹோம்ஸே சொல்கிறார். இரண்டு படர்க்கையில் எழுதப்பட்டவை. ஆக, நமக்குக் கிடைக்கும் ஹோம்ஸ் பெரும்பாலும் வாட்சன் கண்ணில் பட்ட ஹோம்ஸ்.

நம் பழைய இலக்கியத்தில் பாதாதிகேசம் என்று ஒரு முறை உண்டு. பாதத்தில் தொடங்கிக் கூந்தல் வரை ஓர் உறுப்பையும் விடாமல் வரிசையாக வருணித்துக்கொண்டு போவார்கள். துப்பறியும் கதாசிரியர்கள் அப்படிச் செய்வது அரிது. முதல் அறிமுகத்தில் நாலு வரி எழுதிவிட்டுக் கதைக்குள் போய்விடுவார்கள். மிச்சமெல்லாம் ஓடுகிற போக்கில் உதிர்ந்து கிடக்கும். ஹோம்ஸுக்கு அந்த நாலு வரி, முதல் நாவலான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்'டின் இரண்டாம் அத்தியாயத்தில் வருகிறது. அவர் ஆறடிக்குச் சற்று மேற்பட்ட உயரமுள்ளவர் என்றும், மிதமிஞ்சிய ஒல்லியாக இருந்ததால் இன்னும் அதிக உயரமாகத் தோன்றினார் என்றும் வாட்சன் எழுதுகிறார். கண்கள் கூர்மையானவை. மூக்கு மெலிந்து, பருந்தின் மூக்கைப் போன்றிருக்கும். அது முகத்துக்கே ஒரு விழிப்பையும் உறுதியையும் தருகிறது. மோவாய் முன்னுந்திச் சதுரமாக, மனவுறுதி கொண்டவனின் மோவாயாக இருக்கிறது. கைகளில் எப்போதும் மையும் இரசாயனக் கறையும் படிந்திருக்கும்.

தொடக்க வாசகர் இந்தப் பகுதியைப் படித்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, கண்டதையும் கருதியதையும் பிரிப்பதுதான். மோவாய் சதுரமாக இருப்பது கண்ணால் கண்டது. அது மனவுறுதியின் அடையாளம் என்பது வாட்சனின் கருத்து. முகத்தின் வடிவத்திலிருந்து குணத்தைப் படிக்கலாம் என்ற நம்பிக்கை பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. வாட்சன் அந்தக் காலத்து மருத்துவர். அதேபோல, பருந்து மூக்கு என்பது அளவு அல்ல, உவமை. மெலிந்த தண்டும் வளைந்த நுனியும் அதில் இருக்கலாம். இரையைத் தேடும் பார்வை என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓவியருக்கு முன்னது போதும். வாட்சனுக்குப் பின்னதும் வேண்டும்.

இனி உயரத்துக்கு வருவோம். இந்த ஒரு கேள்வியிலேயே முறை முழுவதும் அடங்கியிருப்பதால் சற்று நின்று பார்ப்பது நல்லது.

வாட்சன் சொன்னது ஆறடிக்குச் சற்று மேல். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1904-இல் வெளியான 'த்ரீ ஸ்டூடண்ட்ஸ்' என்ற சிறுகதையில் ஹோம்ஸ் தன் உயரத்தைத் தானே சொல்கிறார். ஒரு கல்லூரி ஆசிரியரின் அறையில் தேர்வுக்கான அச்சுத்தாள்கள் மேசைமேல் இருக்கின்றன. யாரோ உள்ளே புகுந்து அவற்றைப் படியெடுத்திருக்கிறான். அறைக்குப் போகும் வழியில் ஹோம்ஸ் வெளியே நின்று, நுனிக்காலில் எக்கி, கழுத்தை நீட்டி, சன்னல் வழியாக உள்ளே பார்க்கிறார். அப்போது அது ஒரு விசித்திரப் பழக்கம்போல்தான் தெரிகிறது. கடைசியில்தான் காரணம் சொல்கிறார். வெளியே நடந்துபோகிற ஒருவனுக்கு மேசைமேல் இருக்கும் தாள் கண்ணில் படவேண்டுமானால் அவன் எவ்வளவு உயரமாக இருக்கவேண்டும் என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தாராம். தன் உயரம் ஆறடி, தனக்கே எக்கித்தான் பார்க்க முடிந்தது, அதைவிடக் குட்டையானவனுக்கு வாய்ப்பே இல்லை என்கிறார். அந்தக் கட்டடத்தில் குடியிருந்த மூன்று மாணவர்களில் உயரமானவன் ஒருவனே என்பதால் ஐயம் அவன்மேல் விழுகிறது.

இப்போது நம்மிடம் இரண்டு வாக்குமூலங்கள் இருக்கின்றன. வாட்சனுடையது ஆறடிக்கு மேல், ஹோம்ஸுடையது ஆறடி. எதை ஏற்பது? பலர் உடனே ஆசிரியர் மறந்துவிட்டார் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். டாயில் மறதிக்காரர் என்பது உண்மையே. ஆனாலும் மறதியைக் கடைசித் தீர்வாக வைத்துக்கொள்வதே நல்லது. அதற்கு முன், ஒவ்வொரு கூற்றும் எதற்காகச் சொல்லப்பட்டது என்று பார்க்கவேண்டும். வாட்சன் அளவுநாடா வைத்து அளக்கவில்லை, கண்மதிப்பாகச் சொல்கிறார். ஒல்லியான உடல் உயரத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்று அதே வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். ஹோம்ஸோ தன் உடலையே அளவுகோலாக வைத்து ஒருவனைக் குற்றவாளி என்று முடிவுகட்டுகிறார்; அளவுகோல் பிழையானால் அந்த அனுமானமே சரிந்துவிடும். எனவே ஹோம்ஸின் கூற்றுக்கு எடை அதிகம். ஆனால் பேச்சில் ஆறடி என்று சொல்பவர் அரை அங்குலத்தை விட்டுவிட்டுச் சொல்வது இயல்பு. ஆறடியும் அரை அங்குலமும் உள்ள ஒருவரைப் பற்றி வாட்சன் சொன்னதும் உண்மை, ஹோம்ஸ் சொன்னதும் உண்மை. ஏறக்குறைய 183, 184 சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டால் யாரையும் பொய்யராக்காமல் கணக்கு முடிந்துவிடுகிறது.

இதே முறையை ஹோம்ஸே முதல் நாவலில் கற்பிக்கிறார் என்பது இதில் உள்ள சுவை. கொலை நடந்த வீட்டின் சுவரில் இரத்தத்தால் ஒரு சொல் எழுதப்பட்டிருக்கிறது. சுவரில் எழுதுகிறவன் இயல்பாகத் தன் கண்மட்டத்தில்தான் எழுதுவான், எழுத்து தரையிலிருந்து ஆறடிக்குச் சற்று மேலே இருக்கிறது, எனவே கொலையாளி ஆறடிக்கு மேற்பட்டவன் என்கிறார். காலடிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் துணைச்சான்றாகக் காட்டுகிறார். வாசகர் வீட்டிலேயே ஒரு சாக்குக்கட்டியை எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம். பார்த்தால் ஒன்று தெரியவரும்: நம் கண்மட்டத்துக்கும் உச்சந்தலைக்கும் இடையே நாலைந்து அங்குலம் இருக்கிறது. கண்மட்டமே ஆறடியைத் தாண்டினால் அந்தக் கொலையாளி ஆறடி நாலங்குலத்துக்குக் குறையமாட்டான். ஹோம்ஸ் சொன்ன முடிவு தவறில்லை. அவருடைய சான்று சொல்வதைவிடக் குறைவாகச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். முடிவைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சான்றுக்குப் போகும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதி வித்தை கைவந்துவிட்டது.

உயரத்துக்கு இன்னொரு குறிப்பும் உண்டு. 'எம்ப்டி ஹவுஸ்' கதையில் ஹோம்ஸ் கூனிய கிழப் புத்தக வியாபாரியாக வேடமிட்டு வந்து, வேடத்தைக் கலைத்தபின் நிமிர்ந்து நின்று, உயரமான மனிதன் மணிக்கணக்கில் தன் உயரத்தில் ஓர் அடியைக் குறைத்துக்கொண்டு திரிவது விளையாட்டல்ல என்று அலுத்துக்கொள்கிறார். இந்த ஓர் அடியை அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது முதுகு வலிக்கிற மனிதனின் பேச்சு. அவர் உயரமானவர் என்பதற்கு மட்டும் இது சான்று.

அடுத்தது கண்ணும் முடியும். கண்கள் கூர்மையானவை என்று முதல் நாவல் சொன்னாலும் அந்தப் பகுதியில் நிறம் இல்லை. 1901-02-இல் தொடராக வந்த 'ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' நாவலில், டார்ட்மூர் பொட்டல்வெளியில் ஒரு கற்குடிலுக்குள் துப்பாக்கியோடு காத்திருக்கும் வாட்சன், வெளியே கல்மேல் உட்கார்ந்திருக்கும் ஹோம்ஸைக் காணும்போது, அவருடைய சாம்பல்நிறக் கண்கள் குறும்பில் மின்னுவதாக எழுதுகிறார். அதே இடத்தில் இன்னொரு செய்தியும் கிடைக்கிறது. அந்தப் பொட்டலில் நாட்கணக்கில் தங்கியிருந்தும் ஹோம்ஸின் மோவாய் லண்டன் வீட்டில் இருப்பதுபோலவே வழவழப்பாக இருந்ததாம். பூனையைப் போலத் தன் உடலைச் சுத்தமாக வைத்துக்கொள்வார் என்கிறார் வாட்சன். தாடி மீசை இல்லாதவர் என்பது இதனால் உறுதியாகிறது. 1888-இல் முதல் நாவல் தனிப் புத்தகமாக வந்தபோது அதற்குப் படம் வரைந்தவர் டாயிலின் தந்தை சார்லஸ் டாயில். அவர் ஹோம்ஸுக்குத் தாடி வைத்துவிட்டார். பெற்ற தகப்பனே ஆனாலும் புறச்சான்று புறச்சான்றுதான்.

முடியின் நிறம் வந்து சேரும் வழி இன்னும் சுற்றுவழி. 'டான்சிங் மென்' கதையின் தொடக்கத்தில் ஹோம்ஸ் நீண்ட மெலிந்த முதுகை வளைத்து ஏதோ ஓர் இரசாயனக் கலவையின்மேல் குனிந்திருக்கிறார். தலை மார்பில் கவிழ்ந்திருக்கிறது. வாட்சன் இருந்த இடத்திலிருந்து பார்க்கையில் அவர் மங்கிய சாம்பல் இறகும் கறுப்புக் கொண்டையும் உடைய ஓர் ஒடிசலான விநோதப் பறவையைப் போலத் தெரிகிறார். கறுப்புக் கொண்டை என்பது தலைமுடியைத் தவிர வேறெதுவாகவும் இருக்க முடியாது. 'பாஸ்கோம் வேலி மிஸ்டரி' என்ற கதையில், தடம் தேடும் வேகத்தில் அவருடைய புருவங்கள் இரண்டு கடினமான கறுப்புக் கோடுகளாக நெரிந்தன என்று வருவதையும் சேர்த்துக்கொண்டால் கறுப்பு முடி உறுதி. இந்த இடத்தில் யாரும் ஹோம்ஸின் முடி கறுப்பு என்று எழுதவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். உவமைக்குள் ஒளிந்திருந்த செய்தியை நாம் வெளியே எடுத்தோம்.

சாம்பல் இறகு அநேகமாக அவருடைய வீட்டு அங்கி. அந்த அங்கி தனி வழக்கு. ஒரு கதையில் ஊதா, இன்னொன்றில் நீலம், 'எம்ப்டி ஹவுஸ்' கதையில் எலிநிறம். மூன்று அங்கிகளா, அல்லது ஓர் அங்கிதான் ஆண்டுக்கணக்கில் சாயம்போனதா என்று ஹோம்ஸ் அபிமானிகள் விளையாட்டாக வாதாடியிருக்கிறார்கள். நீல அங்கி வரும் காட்சியில் அவர் தங்கியிருப்பது கென்ட் மாவட்டத்தில் வேறொருவர் வீடு; அங்கியும் அந்த வீட்டுக்காரருடையதாக இருக்கலாமே என்பது என் கட்சி. உடை உடலல்ல என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

உருவம் எழுத்தில் நேராகச் சொல்லப்படாமல் செயலிலிருந்து ஊகிக்கப்படும் இடங்கள்தாம் இந்தக் கலையில் மிகச் சுவையானவை. 'ஸ்பெக்கிள்ட் பேண்ட்' கதையில் மிரட்ட வந்த முரடர் ஒருவர் கணப்பைக் கிளறும் எஃகுக் கம்பியை வளைத்து வீசிவிட்டுப் போகிறார். அவர் போனபின் ஹோம்ஸ் சிரித்துக்கொண்டே அதை எடுத்து ஒரே முயற்சியில் நிமிர்த்துகிறார். தான் அவ்வளவு பருமன் இல்லை, ஆனால் பிடியில் அவருக்குச் சளைத்தவன் அல்ல என்கிறார். வளைப்பதைவிட நிமிர்த்துவது கடினம் என்பதை இரும்புப் பட்டறையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். ஒல்லி என்ற சொல்லைப் படித்ததும் நோஞ்சான் ஒருவரை மனத்தில் வரைந்திருந்தால் அந்தப் படத்தை இங்கே அழிக்கவேண்டும். முன்கை நரம்போடியது, தோள் அகன்றது, சதை இல்லாதது என்று திருத்திக்கொள்ளலாம். தோளைப் பற்றி வெறும் ஊகமும் இல்லை: 'எம்ப்டி ஹவுஸ்' கதையில் எதிர்வீட்டிலிருந்து சன்னல் திரையில் விழும் நிழலைப் பார்த்து, தலை நிற்கும் விதம், சதுரமான தோள்கள், கூரிய முகவெட்டு ஆகியவற்றால் அது ஹோம்ஸ்தான் என்று வாட்சன் துணிகிறார். உண்மையில் அது மெழுகுச் சிலை. சிலை என்றாலும் ஆளை அப்படியே வார்த்தது என்பதால் சான்று கெடவில்லை.

செயலிலிருந்து ஊகிப்பதற்கு என்னைக் கவர்ந்த எடுத்துக்காட்டு இரண்டாம் நாவலான 'சைன் ஆஃப் ஃபோர்' நாவலின் முதல் பத்தி. ஹோம்ஸ் நீண்ட, வெளுத்த, படபடப்பான விரல்களால் ஊசியைப் பொருத்தி, இடது கைச் சட்டையை மடித்துவிட்டு, ஊசித்தழும்பு நிறைந்த முன்கையைச் சிறிது நேரம் பார்க்கிறார். பிறகு கொக்கெயினைக் குத்திக்கொள்கிறார். விரலின் வடிவமும் தோலின் நிறமும் தழும்பும் நேரடிச் செய்திகள். அவற்றோடு நான்காவதாக ஒன்று சொல்லாமல் சொல்லப்பட்டிருக்கிறது. இடது கையில் குத்திக்கொள்ள ஊசியை வலது கையில் பிடிக்கவேண்டும். நுணுக்கமான வேலைக்கு ஒருவர் நீட்டுவது பழக்கப்பட்ட கையைத்தான் என்பதால் ஹோம்ஸ் வலக்கைப் பழக்கமுடையவர் என்று எழுதிக்கொள்ளலாம். உறுதியாக அல்ல, பெரும்பாலும் என்ற சொல்லோடு. என் குறிப்பேட்டில் ஒவ்வொரு செய்திக்கும் எதிரே 'சொன்னது', 'காட்டியது', 'ஊகம்' என்று ஒரு சொல் எழுதிவைப்பேன். இது மூன்றாவது வகை.

வேடங்கள் இந்த வேலையைக் கெடுக்கக்கூடியவை. ஹோம்ஸ் பாதிரியாராக, கிழவராக, குழாய்வேலை செய்பவராக வருகிறார். வேடத்தில் இருக்கும்போது வரும் வருணனையை அப்படியே எடுத்து அவர் கணக்கில் எழுதினால் தாடியும் கூனலும் வந்து சேர்ந்துவிடும். இதற்கு நல்ல சிக்கல் ஒன்று 1917-இல் வெளியான 'ஹிஸ் லாஸ்ட் பவ்' கதையில் இருக்கிறது. கதை நடப்பது 1914 ஆகஸ்ட், முதல் உலகப் போர் மூள்கிற நேரம். ஆல்டமண்ட் என்ற பெயரில் ஜெர்மானிய உளவாளியிடம் வருகிறவர் உயரமான, ஒட்டிய உடல்கொண்ட, அறுபது வயது மனிதர், சிறிய ஆட்டுத்தாடி வைத்தவர் என்று படர்க்கைக் கதைசொல்லி எழுதுகிறார். வந்தவர் ஹோம்ஸ் என்பது பின்னால் தெரிகிறது. அந்த வருணனையில் எது ஹோம்ஸ், எது ஆல்டமண்ட்? தாடி ஆல்டமண்டுடையது என்பதில் ஐயமில்லை, ஹோம்ஸே அதைச் சபிக்கிறார். உயரமும் ஒல்லியும் வேறு கதைகளோடு ஒத்துப்போவதால் ஹோம்ஸுடையவை. அறுபது வயது? அதை ஹோம்ஸுக்கே கொடுத்து, 1914-இலிருந்து அறுபதைக் கழித்து, அவர் பிறந்தது 1854 என்று அபிமானிகள் நிலைநாட்டிவிட்டார்கள். ஆல்டமண்டின் வேடத்தில் சில ஆண்டுகள் கூட்டப்பட்டிருக்கலாம் என்ற மறுப்புக்கு அங்கே இடம் இருக்கிறது. ஆயினும் வேறு சான்று வலுவாக இல்லாதபோது இதை வைத்துக்கொள்வதில் பிழையில்லை. வாட்சனும் அவரும் 1881 வாக்கில் ஒரே வீட்டில் குடியேறினார்கள் என்றால் அப்போது ஹோம்ஸுக்கு இருபத்தேழு வயதுதான். நம் மனத்தில் இருப்பவர் எப்போதும் நாற்பதைத் தாண்டியவராக இருப்பதற்குத் திரைப்படங்களே காரணம் என்று நினைக்கிறேன்.

இனி அந்தத் தொப்பி. நானும் பல ஆண்டுகள் அந்தத் தொப்பியின் பெயர் கதைகளிலேயே வருகிறது என்று நம்பியிருந்தேன். டீர்ஸ்டாக்கர் என்ற சொல் அறுபது கதைகளில் எங்குமே இல்லை. 'பாஸ்கோம் வேலி மிஸ்டரி'யில் ரயில் நிலைய மேடையில் உலவும் ஹோம்ஸின் நெடிய உருவத்தை, நீண்ட சாம்பல்நிறப் பயண மேலங்கியும் தலையோடு ஒட்டிய துணித்தொப்பியும் இன்னும் நெடிதாகக் காட்டின என்று மட்டுமே வருகிறது. 1891 அக்டோபரில் ஸ்ட்ராண்ட் இதழுக்கு இந்தக் கதைக்குப் படம் வரைந்த சிட்னி பேஜட் அதை டீர்ஸ்டாக்கராக வரைந்தார். அடுத்த ஆண்டு 'சில்வர் பிளேஸ்' கதையில் காதுமடல் வைத்த பயணத்தொப்பி என்று டாயில் எழுதுகிறார். காதுமடல் வைத்த பயணத்தொப்பி என்றால் டீர்ஸ்டாக்கராக இருக்கலாம். ஓவியரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இரண்டு இடங்களிலும் ஹோம்ஸ் கிராமப்புறத்துக்கு ரயிலில் போகிறார் என்பதைப் பார்க்கவேண்டும். லண்டன் தெருவில் அவர் அதை அணிந்து நடந்ததாக ஒரு வரிகூட இல்லை. அந்தக் காலத்துக் கனவான் ஒருவர் நகரத்தில் அப்படி நடந்தால், நம் ஊரில் கோட்டு சூட்டோடு தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு அலுவலகம் போவதுபோல இருக்கும். பைப்பும் அப்படியே: களிமண் பைப், செர்ரிமரப் பைப் என்றெல்லாம் கதைகளில் வருகின்றன, வளைவு 1899-இல் ஹோம்ஸாக மேடையேறிய அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லட்டிடமிருந்து வந்தது.

பேஜட் செய்த பெரிய மாற்றம் தொப்பியல்ல, முகம். 1924-இல் வெளியான தன்வரலாற்றில் டாயில், தான் கற்பனைசெய்த ஹோம்ஸ் வேறு என்று எழுதினார்: கத்திபோல் மெலிந்த முகம், பெரிய பருந்து அலகு மூக்கு, அதன் இருபுறமும் நெருக்கமாகப் பதிந்த இரண்டு சிறிய கண்கள். பேஜட் தன் தம்பியை மாதிரியாக வைத்து வரைந்ததால், வலிமையும் அழகின்மையும் கொண்ட ஹோம்ஸின் இடத்தை ஓர் அழகர் பிடித்துக்கொண்டார் என்றும், பெண் வாசகர்களை எண்ணும்போது அது நல்லதாகவே போயிற்று என்றும் சொல்கிறார். ஆசிரியரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன என்று கேட்கத் தோன்றும். சிறிய, நெருக்கமான கண்கள் என்பதை நான் மேலே எடுத்துக்காட்டிய எந்தப் பகுதியும் சொல்லவில்லை. முதல் கதை வெளிவந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, பேஜட்டின் படங்களும் நாடகங்களும் உலகம் முழுக்கப் பரவியபின் நினைவிலிருந்து எழுதப்பட்டது அது. தன் ஆசிரியரான எடின்பரோ அறுவை மருத்துவர் ஜோசஃப் பெல்லை வைத்து ஹோம்ஸை உருவாக்கியதாகவும், பெல்லுக்குக் கழுகு முகம் என்றும் அவர் எழுதியிருப்பதை இதோடு சேர்த்துப் படிக்கலாம். மதிப்புள்ள புறச்சான்று, கதையின் வரி அல்ல. மூக்கு விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன, எனவே மூக்கு உறுதி. கண்ணின் அளவு விஷயத்தில் நான் கட்டத்தைக் காலியாகவே விடுவேன்.

படம் எழுத்தை விழுங்குவது ஹோம்ஸுக்கு மட்டும் நேர்ந்த விபத்தல்ல. டாஷியல் ஹாமெட் 1930-இல் நாவலாக வெளியிட்ட 'மால்டீஸ் ஃபால்கன்', துப்பறிவாளர் சாம் ஸ்பேடின் முகத்தை வருணித்துக்கொண்டேதான் தொடங்குகிறது: நீண்ட எலும்புத் தாடை, ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் வீ எழுத்து வடிவங்கள், வெளிர்பழுப்பு முடி, மொத்தத்தில் பொன்னிறமான ஒரு சாத்தானைப்போல இனிமையாகத் தெரிகிறார் என்ற வரி. உயரம் ஆறடி. 1941-இல் வந்த திரைப்படத்தில் கருமுடியும் சராசரி உயரமும் கொண்ட ஹம்ஃப்ரி போகார்ட் நடித்தபின் அந்த முதல் பத்தியைப் படிப்பவர்கள்கூடப் போகார்டைத்தான் பார்க்கிறார்கள். இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட முகத்துக்கே இந்த கதி.

முகத்தை வருணிக்கிறவரின் முகம் எப்படி இருக்கும் என்ற கேள்வி கடைசியாக எஞ்சுகிறது. ஐம்பத்தாறு கதைகளைச் சொல்லும் வாட்சன் தன்னைத்தானே ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கண்ணாடிமுன் நின்று தன் மூக்கை வருணிக்கும் செயற்கையான உத்தியை டாயில் கையாளவில்லை. எனவே அவரைப் பற்றிய செய்திக்கு மற்றவர்களின் வாயைப் பார்க்கவேண்டியிருக்கிறது. முதல் நாவலின் தொடக்கத்தில் பழைய நண்பர் ஒருவர் அவரைப் பார்த்து, சட்டம்போல் ஒல்லியாகவும் கொட்டைபோல் பழுப்பாகவும் ஆகிவிட்டாயே என்று வியக்கிறார். அதை அவருடைய நிலையான தோற்றமாக எழுதிக்கொண்டால் பிழையாகும். அவர் அப்போதுதான் ஆப்கானிஸ்தானில் மைவாண்ட் போரில் குண்டடிபட்டு, அதன்பின் குடற்காய்ச்சலில் கிடந்து, உருக்குலைந்து ஊர் திரும்பியிருக்கிறார். நண்பரின் வியப்பே அவர் முன்பு அப்படி இல்லை என்பதற்குச் சான்று.

வாட்சனின் உண்மையான உருவம் 1904-இல் வந்த 'சார்லஸ் அகஸ்டஸ் மில்வர்ட்டன்' கதையில் கிடைக்கிறது, அதுவும் போலீஸ் வாயிலாக. பெண்களின் கடிதங்களை வைத்து மிரட்டிப் பணம் பறிக்கும் ஒருவன் வீட்டுக்குள் ஹோம்ஸும் வாட்சனும் இரவில் முகமூடியோடு புகுகிறார்கள். அங்கே வேறொருவர் கையால் அவன் கொல்லப்படுகிறான். இருவரும் தோட்டத்துச் சுவரேறித் தப்பும்போது துரத்தியவன் வாட்சனின் காலைப் பிடித்து இழுக்கிறான். மறுநாள் காலை, எதுவும் அறியாத இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட் உதவி கேட்டு வந்து, தப்பியோடிய இரண்டாவது ஆளின் அடையாளத்தைச் சொல்கிறார்: நடுத்தர உயரம், கட்டுமஸ்தான உடல், சதுரத் தாடை, தடித்த கழுத்து, மீசை. இது எவ்வளவு பொதுவான வருணனை, வாட்சனைக்கூட இது குறிக்கலாமே என்கிறார் ஹோம்ஸ். ஆமாம், வாட்சனுக்கு அப்படியே பொருந்துகிறது என்று லெஸ்ட்ரேட்டும் வாட்சனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்.